சேசிஸ் நம்பரைக் கேளுங்கள், ரீச்சர்

வாகனப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: விசுவமடுவில் இருந்து கிளிநொச்சிக்குப் படிப்பிக்கப் போய் வருகிறேன். 2021இல், வெளியில் இருந்து வாகனமே வராத நேரத்தில், கேட்ட விலையைக் கொடுத்து, பெற்றோலோடு பற்றரியிலும் ஓடும் ஒரு பழைய ஹைபிரிட் கார் வாங்கினோம். எட்டாம் மாதமே திரையில் சிவப்பு முக்கோணம். பற்றரி என்றார்கள், திருத்தினோம். ஐந்து மாதத்தில் மறுபடியும் அதே முக்கோணம். மூன்றாம் முறை, மாமியை வவுனியாவில் டொக்டரிடம் காட்டிவிட்டு வரும்போது கனகராயன்குளத்தடியில் இரவு ஒன்பது மணிக்கு அப்படியே நின்றுவிட்டது. மரக்கறி லொறிக்காரர் ஒருவர்தான் எங்களை ஏற்றிவந்தார். அதை விற்றுவிட்டு, ஜப்பானில் இருந்து எடுப்பிக்கும் காருக்கு முற்பணம் கட்டியிருக்கிறோம். ஆறு கிழமை என்றார்கள், இது பதினோராவது கிழமை. இவர் ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறார், அவர்கள் "கப்பலில் வருகுது" என்கிறார்கள். காசைத் திருப்பிக் கேட்பதா, பொறுத்திருப்பதா?
– ஆசிரியை ஒருவர், விசுவமடு

பதில்: பதினோரு கிழமை ஆனதற்காக ஏமாற்று என்று முடிவுகட்ட வேண்டாம் ரீச்சர். அதற்காக "கப்பலில் வருகுது" என்பதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் "எப்ப வரும்?" என்று கேட்கும்வரை அவர்களும் "அடுத்த கிழமை" என்றுதான் சொல்வார்கள், அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. நாளைக்குப் போன் எடுத்து, "சேசிஸ் நம்பர் என்ன?" என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு காரின் உடம்பிலும் பொறித்திருக்கும் தனி இலக்கம் அது.

ஏன் என்று சொல்கிறேன். ஜப்பான் ஏலத்தில் ஒரு காரை எடுத்த அந்த நிமிடமே, காரின் நிலையை எழுதிய ஏலத் தாளும் சேசிஸ் நம்பரும் கைக்கு வந்துவிடும். இங்கே வங்கியில் எல்சி, அதாவது விற்பவருக்குக் காசு தருவதாக வங்கி பொறுப்பேற்கும் கடிதம், திறக்கவேண்டும், ஏற்றுவதற்கு முன் அங்கேயே ஒரு பரிசோதனைச் சான்றிதழ் எடுக்கவேண்டும், பிறகுதான் கப்பல். அம்பாந்தோட்டையில் இறக்கிய பின் சுங்கம், வரி, பதிவு என்று இன்னொரு சுற்று இருக்கிறது. கடலில் போகும் நாட்கள் சில கிழமைதான், மிச்சத் தாமதம் எல்லாம் தரையில். சில இடங்களில் நடப்பது என்னவென்றால், நாலைந்து பேரிடம் முற்பணம் வாங்கிச் சேர்த்த பிறகுதான் ஏலத்துக்கே போகிறார்கள். அப்படியானால் உங்கள் கார் கப்பலில் இல்லை, யாரோ ஒரு ஜப்பான்காரர் இன்னும் அதில் சந்தைக்குப் போய்வருகிறார்!

சேசிஸ் நம்பர், ஏலத் தாள், எல்சி திறந்த திகதி, கப்பலில் ஏற்றிய பற்றுச்சீட்டு, இந்த நாலும் தந்தால் பொறுத்திருங்கள், இன்னும் ஒரு மாதம் பிந்தினாலும் பரவாயில்லை. ஒரு கிழமைக்குள் சேசிஸ் நம்பர்கூடத் தரமுடியாவிட்டால் காசைக் கேளுங்கள், வாயால் அல்ல, கடிதத்தில். ஏலத் தாளில் தரம் என்று ஒரு இடம் இருக்கும். அதில் நாலு, நாலரை என்று இருந்தால் நல்லது. ஆர் அல்லது ஆர்ஏ என்று எழுதியிருந்தால் அடிபட்டுத் திருத்தின கார் என்று அர்த்தம். எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதும் அதிலேயே இருக்கும். கார் வந்து நிற்கும்போது மீற்றரையும் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முந்தின காரைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும், ஏனென்றால் அந்தப் பயம் புதுக் காருக்குள்ளும் ஏறிவந்துவிடும். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி முதலாம் திகதிதான் திறந்துவிட்டார்கள். இடையில் ஐந்து வருடம் நாடு முழுக்க ஒரே கார்களைத்தான் கைமாற்றிக்கொண்டிருந்தது, அதில் நல்லதெல்லாம் முதலில் போய்விட்டது. ஆகவே நீங்கள் ஏமாந்ததில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் பற்றரியை மூன்று தரம் திருத்தியவர்களில் ஒருவராவது பின் சீற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் காற்று வாயைத் திறந்து பார்த்தார்களா என்று எனக்குச் சந்தேகம்.

ஹைபிரிட் கார் பலவற்றில் பெரிய பற்றரி பின்னுக்குத்தான் இருக்கிறது. அது சூடாகாமல் இருக்க ஒரு சின்ன விசிறி காருக்குள் இருக்கும் காற்றையே இழுத்து ஊதும். கிளிநொச்சியில் சிநேகிதர் ஒருவரின் காரில் அந்த மூடியைக் கழற்றினோம். கிரவல் புழுதி கம்பளிச் சால்வை மாதிரி ஒரு விரல் தடிப்பில் படிந்து, அதற்குள் நெல் உமி, ஒரு ரொபித் தாள், பிள்ளையின் தலைமயிர்ப் பட்டியும் இருந்தது. விசிறி சுற்றுகிறது, காற்றுத்தான் போகவில்லை. நம் ஊரில் கண்ணாடியைத் திறந்துகொண்டு உள்வீதியில் ஓடுகிறோம், அறுவடை நேரத்தில் தார் றோட்டில் காயும் நெல்லை உரசிக்கொண்டு போகிறோம். அந்தப் பற்றரி வெக்கையில் வெந்துதான் செத்திருக்கும். அந்தப் பற்றரி பல துண்டுகள் சேர்ந்தது, பழுதான துண்டை மட்டும் மாற்றிவிட்டால் பக்கத்துத் துண்டு அடுத்ததாகப் போகும், உங்களுக்கு ஐந்து மாதத்தில் திரும்ப வந்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன். புதுக் காரும் ஹைபிரிட் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் காற்று வாயின் வலையைத் துடையுங்கள். பின் சீற்றில் பாடசாலைக் கொப்பிக் கட்டைக் குவித்து அந்த வாயை அடைக்கவும் வேண்டாம். கண்ணாடியை மூடிக்கொண்டு ஏசியைப் போடுங்கள், பெற்றோல் கொஞ்சம் கூடப் போகும், போகட்டும்.

கேள்வி: அந்த யுத்த காலத்தில் வன்னிக்குள் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில்தானே எல்லாம் ஓடியது? என்னிடம் நின்ற மொறிஸ் மைனர் ஒருநாளும் என்னை நடுறோட்டில் விட்டதில்லை. இப்போதைய கார்கள் ஏன் இப்படிச் செல்லம் கொட்டுகின்றன?
– மல்லாவி வாசகர்

பதில்: ஒருநாளும் விட்டதில்லையா ஐயா? காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோலை ஊற்றி, நாலுபேர் தள்ளி, ஸ்ரார்ட் வந்து, எஞ்சின் சூடாகிய பிறகுதானே மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம்? பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டியதும் மறந்துபோச்சுப் போல. சரி, அது ஓடியதற்குக் காரணம் அந்த எஞ்சின் காற்றையும் எரிபொருளையும் ஏழு எட்டு மடங்குக்கு மேல் நெருக்காது. இன்றைய ஹைபிரிட் எஞ்சின்களில் அது பதின்மூன்றுக்கும் போகும். மண்ணெண்ணெய் அந்த நெருக்கத்தைத் தாங்காமல் தானாகவே வெடித்து எஞ்சினை உடைத்துவிடும். எரிபொருளைப் பீச்சும் இன்ஜெக்டரும் அடைத்துப்போகும். மொறிஸ் இன்னும் நின்றால் ஒரு படம் அனுப்புங்கள்.

கேள்வி: கார் கொழும்பில் கையளிக்கிறார்கள். அம்மா பார்த்த நல்ல நேரம் மாலை ஆறேகால். போகலாமா?
– நெடுங்கேணி வாசகர்

பதில்: தம்பி, ஆறேகாலுக்குத் திறப்பை வாங்குங்கள், அம்மாவின் மனமும் நிறையட்டும். ஆனால் மத்தியானமே போய் வெயிலில் காரைச் சுற்றிப் பார்த்துவிடுங்கள், கடை லைற்றில் கீறல் தெரியாது. ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் எத்தனையாவது கிழமை, கடைசி இரண்டும் எந்த வருடம் என்று காட்டும். நாலு ரயரிலும் பாருங்கள், மேலதிக ரயர் இருந்தால் அதிலும். இரவோடிரவாக வீட்டுக்கு ஓடிவர வேண்டாம், நெடுங்கேணி றோட்டில் யானை நிற்கும். கொழும்பிலேயே படுத்துவிட்டு விடியப் புறப்படுங்கள். அம்மா முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவேண்டும் என்பார், அது புளியங்குளத்தில் திரும்பாமல் இன்னும் நேரே போகவேண்டிய இடம், ஆகவே டாங்கில் பெற்றோலைப் பார்த்துக்கொள்ளுங்கள். கச்சான் வாங்கினால் கோதைக் காருக்குள் போடவேண்டாம், ரீச்சருக்குச் சொன்னது உங்களுக்கும்தான்.