கல்யாண வாசிப்பில் மீதித் தொகை நின்றுபோவது குறித்து

திருமணத்தில் நாகசுரம் வாசிக்கப் பேசிய பணத்தில் மீதித் தொகையை முகூர்த்தம் முடிந்த பிறகு கேட்காமல், முதல் நாள் மாலை மண்டபத்தில் வாசிப்பைத் தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள். முன்பணம் பெறும்போதே இதைச் சொல்லி, தாளில் எழுதி இரு தரப்பும் கையொப்பமிட்டுக்கொள்வது நல்லது.

பெருந்துறைப் பக்கம் இரண்டு திருமணங்களில் நாகசுரம் வாசித்தும் பாதிப் பணமே வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் விலை பேசியது வீட்டாரிடமன்றி இடைத்தரகரிடம் என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். அடுத்த முறை, வீட்டில் பணப்பொறுப்பில் இருப்பவரிடமே மேளத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்; அதுவும் தரகர் உங்களிடம் பேசிய தொகையும் வேறுபட்டால், பணம் எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

நம் கொங்குத் திருமணங்களில் மாப்பிள்ளையின் சகோதரி பங்கேற்கும் இணைச்சீர் முதலான சீர்கள் நெடுநேரம் நீள்பவை. சீர்களை நடத்திவைக்கும் பெரியவரான அருமைக்காரர் அழைக்கும்போதெல்லாம் மேளம் ஒலிக்க வேண்டும். எந்தெந்தச் சீருக்கு, எந்த நேரம் வரை என்று குறிக்காமல் ‘ஒரு கல்யாணம்’ என்று மொத்தமாகப் பேசினால், உங்களுடன் கண்விழிக்கும் தவில்காரரின் உழைப்பும் கணக்கில் வராமல் போகிறது. அதை நான் அநியாயம் என்றே கருதுகிறேன்.

மாரியம்மன் பொங்கல் போன்ற ஊர்த் திருவிழாக்களுக்கு, வாசிக்கும் முன்பே மீதியை வாங்கிவிடும் இந்த வழி பொருந்தாது. அங்கே ஊராரிடம் திருவிழா வரி வசூலான பிறகே பணம் வரும் என்பதால், தரும் தேதியை மட்டும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.