பாட்டியின் பதினான்கு குழிகள்

கேள்வி: என் பேரன் ஓயாமல் வீடியோ கேம் ஆடுகிறான். கேட்டால், "பொது அறிவு வளருது தாத்தா" என்கிறான். நிஜமாகவே வளருமா?
- ஒரு வாசகர், தோ பாயோ

பதில்: முதலில் அந்தப் 'பொது'வைப் பார்ப்போம். நம்மிடையே பொது அறிவு என்றால், மங்கோலியாவின் தலைநகரம் எது என்றதும் பட்டென்று 'உலான் பாத்தர்' என்பது. வினாடி வினா நடத்தும் நண்பர்களோடு எனக்கு 20 வருடத் தகராறே இதில்தான். தலைநகரம் தெரிந்தவன் அறிவாளி என்றால் சிங்கப்பூரின் பெரிய அறிவாளி என் வீட்டு அட்லஸ். பாவம், அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது.

உங்கள் பேரன் சொல்வது வேறு சரக்கு. ஒரு பாடத்தில் கெட்டிக்காரப் பிள்ளை மற்றப் பாடங்களிலும் பெரும்பாலும் கெட்டியாக இருப்பதைக் கவனித்த சார்ல்ஸ் ஸ்பியர்மன் என்ற ஆங்கிலேயர், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே திறன் ஓடுகிறது என்று 1904ல் எழுதினார். 'ஜெனரல்', அதாவது 'பொது' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை வைத்து அதற்கு 'ஜி' என்று பெயர். மரியாதைக்குப் பெயரோடு ஒட்டுகிற ஜி இல்லை, ஆனாலும் மரியாதைக்குக் குறைவில்லை.

அது கேம் ஆடினால் கூடுமா? சண்டை விளையாட்டு ஆடுகிறவர்களுக்குப் பார்வைக் கவனம் கூர்மை என்று 2003ல் அமெரிக்காவில் கிரீன், பவேலியர் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். சரி, கண் கூர்மையானது. புத்தி? 2018ல் சாலா, கோபே குழுவினர் ஏகப்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கேம் ஆடிப் பழகியதால் அறிவுத்திறன் கூடியதற்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் அகப்படவில்லை. மூளைக்குப் பயிற்சி என்று கேம் விற்ற லூமோசிட்டி நிறுவனம், விளம்பரத்தில் அளந்துவிட்டதற்காக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் 2016ல் 20 லட்சம் டாலர் கட்டியது.

அதற்காகப் பேரன்மேல் பாயாதீர்கள். "பல்லாங்குழி ஆடினால் கணக்கு வரும்" என்று பொங்கலுக்குப் பொங்கல் மேடையேறும் நம் பண்பாட்டுக் காவலர்கள் விற்பதும் இதே மருந்துதான். பல்லாங்குழி ஆடினால் பல்லாங்குழி வரும், அவ்வளவுதான். என் பாட்டிக்கு 14 குழியிலும் எத்தனை புளியங்கொட்டை என்பது கண்ணை மூடினாலும் தெரியும். தேக்கா சந்தையில் மீன்காரர் தரும் சில்லறையில் மட்டும் வாராவாரம் ஏமாறுவார். சரி, காசு வேறு, கொட்டை வேறு என்று விடலாம். பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டியின் சோங்காக் நம் ஆட்டத்துக்கு ஒன்றுவிட்ட தங்கைதானே? அதே ஏழேழு குழி, ஓரத்தில் மட்டும் ஆளுக்கொரு பெரிய குழி. அதில் என் பாட்டி தொடர்ந்து பதினோரு ஆட்டம் தோற்றார். கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "ஆட்டம் சரிதான்டா, அந்தப் பெரிய குழிதான் களவாணி" என்பார்.