அடித்தானா, அடித்தானாமா?

கேள்வி: எங்கள் தெருவில் நடந்த அடிதடி வழக்கில் என் சித்தப்பா சாட்சி சொல்லப் போனார். "அவன்தான் அடித்தான்னு என் மச்சான் சொன்னார்" என்றதுமே எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, இது கேள்விச் சாட்சி, செல்லாது என்றார். சித்தப்பா பொய் சொல்கிற ஆள் இல்லை. கேட்டதைச் சொன்னால் தப்பா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அவர் பொய் சொன்னதாக யாரும் சொல்லவில்லை, அந்த வருத்தத்தை முதலில் விடுங்கள். பார்த்தவர் மச்சான், கூண்டில் நிற்பவர் சித்தப்பா. இருட்டில் முகம் தெரிந்ததா, எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள், அவனோடு முன்பகை உண்டா என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் சித்தப்பா என்ன பதில் சொல்வார்? பார்த்ததைப் பார்த்தவரே வந்து சொல்ல வேண்டும் என்றது 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 60ஆவது பிரிவு. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் அது 55ஆவது பிரிவு. மரண வாக்குமூலம் மாதிரி சில விலக்குகள் உண்டு, அங்கே சொன்னவரை அழைத்து வரவே முடியாது.

ஆனால் இன்னொருவர் சொன்னதைச் சொன்னாலே கேள்விச் சாட்சி ஆகிவிடாது. மலாயாவில் தோட்டாக்கள் வைத்திருந்ததற்காகச் சுப்பிரமணியம் என்பவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். தீவிரவாதிகள் பிடித்து மிரட்டியதால்தான் வைத்திருந்தேன் என்பது அவர் தரப்பு. அவர்கள் என்ன சொல்லி மிரட்டினார்கள் என்று சொல்லவே விசாரணை நீதிபதி விடவில்லை, கேள்விச் சாட்சியாம். அன்றைக்கு மலாயா வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1956இல் தண்டனையை ரத்து செய்தது. மிரட்டியவர்கள் சொன்னது மெய்யா என்பதல்ல அங்கே கேள்வி, அப்படியொரு மிரட்டல் அவர் காதில் விழுந்ததா, அதனால் பயந்தாரா என்பதுதான், அதற்கு அவரே நேரடிச் சாட்சி. ஓர் உயிரே இந்த வித்தியாசத்தில் தொங்கியிருக்கிறது.

நம் பேச்சிலோ இதற்கென்றே ஒரு 'ஆம்' இருக்கிறது. "அடித்தான்" என்றால் எனக்குத் தெரியும், "அடித்தானாம்" என்றால் கேள்விப்பட்டேன். எவ்வளவு நேர்மையான விகுதி! டீக்கடையில் "பணத்தை எடுத்தானாம்" என்று கிளம்புகிற பேச்சு மூன்றாவது ஆளிடம் போவதற்குள் "எடுத்தான்" ஆகிவிடுகிறது, அதை வாட்ஸ்அப்பில் வேறு போட்டுவிடுகிறார்கள், அப்புறம் அந்தப் பையனுக்கு யார் வேலை கொடுப்பார்கள், யார் பெண் கொடுப்பார்கள்?

சரி, உங்கள் வழக்குக்கு வருவோம். மச்சானையே சாட்சியாக அழைக்கச் சொல்லி அரசு வக்கீலிடம் பேசுங்கள். காயத்தையோ ரத்தத்தையோ சித்தப்பா தன் கண்ணால் பார்த்திருந்தால் அதை அவர் தாராளமாகச் சொல்லலாம், அதைக் கேள்விச் சாட்சி என்று யாரும் தடுக்க முடியாது.