ஸ்டாக்ஃபிஷ் இலவசம்தானே, விற்றால் என்ன தப்பு?

கேள்வி: கோவையில் செஸ் பயிற்சி மையம் நடத்துகிறேன். செஸ் ஆடும் இலவச கணினி நிரலான ஸ்டாக்ஃபிஷ் இன்ஜினில் சில மாற்றங்கள் செய்து, வேறு பெயர் வைத்து, தமிழ்ப் பாடங்களும் சேர்த்து ஆண்ட்ராய்டு ஆப்பாக 499 ரூபாய்க்கு விற்கிறேன். மூல நிரலை (சோர்ஸ் கோடு) தராமல் விற்பது உரிம மீறல் என்று ஒருவர் மெயில் அனுப்பியிருக்கிறார். இலவசமாகக் கிடைப்பதற்கு யார் உரிமை கோர முடியும்? ஆப்பை மூடிவிட வேண்டுமா?

பதில்: மூட வேண்டாம், ஆனால் இன்றைக்கே விற்பனையை நிறுத்தி வையுங்கள். காசுக்கு விற்றது தப்பே இல்லை, ஸ்டாக்ஃபிஷ் வெளியாகும் ஜிபிஎல் 3 என்ற திறந்த மென்பொருள் உரிமம் அதைத் தாராளமாக அனுமதிக்கிறது. தப்பு வேறு இடத்தில். மெயிலில் சொன்னது போல மூல நிரலைத் தராதது முதல் தப்பு. அடுத்தது பெயர். உங்கள் இன்ஜினைத் திறந்து 'uci' (யுசிஐ, செஸ் இன்ஜினும் ஆப்பும் பேசிக்கொள்ளும் கட்டளை மொழி) என்று தட்டிப் பாருங்கள். ஆசிரியர் என்ற வரியில் ஸ்டாக்ஃபிஷ் குழுவின் பெயர் வர வேண்டிய இடத்தில் உங்கள் மையத்தின் பெயர் வந்தால், பல வருடம் சம்பளம் வாங்காமல் எழுதியவர்களின் பெயரை அழித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பெயர் மாற்றலாம், அவர்களுடைய பதிப்புரிமைக் (காப்பிரைட்) குறிப்பை நீக்கக் கூடாது, நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், எப்போது மாற்றினீர்கள் என்றும் சொல்ல வேண்டும்.

இது வெறும் மிரட்டல் இல்லை. ஜெர்மனியின் செஸ்பேஸ் நிறுவனம் ஃபேட் ஃபிரிட்ஸ் 2 என்ற பெயரில் விற்ற இன்ஜினுக்குள் இருந்தது ஸ்டாக்ஃபிஷ்தான். 2021 ஜூலையில் ஸ்டாக்ஃபிஷ் குழு வழக்குப் போட்டது, மியூனிக் நீதிமன்றத்துக்குப் போன அந்த வழக்கு 2022 நவம்பரில் சமரசத்தில் முடிந்தது. ஒரு வருடம் ஸ்டாக்ஃபிஷ் கலந்த எதையும் விற்பதில்லை என்று செஸ்பேஸ் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இங்கேயும் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரல் இலக்கியப் படைப்புதான், தடையுத்தரவும் இழப்பீடும் கேட்கலாம், தெரிந்தே மீறினால் 63-ஆம் பிரிவில் சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு.

சரி, மெயில் அனுப்பியவர் யார் என்று பாருங்கள். வாங்கியவர் என்றால் மூல நிரல் கேட்பது அவர் உரிமை, கொடுத்துவிடுங்கள். நிரல் எழுதியவர்களில் ஒருவர் என்றால், அவரிடமிருந்து இதுதான் முதல் நோட்டீஸ் என்றால், அது கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் மீறலைச் சரிசெய்தால், மீறியதால் பறிபோன உரிமம் நிரந்தரமாகத் திரும்பக் கிடைக்கும் என்று ஜிபிஎல்லின் 8-ஆம் பிரிவே சொல்கிறது. இந்த 30 நாள் பெரிய வரம், கோபமாகப் பதில் எழுதி வீணாக்காதீர்கள்.

டவுன்லோட் செய்யும் இடத்திலேயே மூல நிரலுக்கு இணைப்பு கொடுங்கள். ஸ்டாக்ஃபிஷ்ஷின் அசல் நிரல் இருக்கும் கிட்ஹப் இணையப் பக்கத்தைக் காட்டினால் போதாது, நீங்கள் மாற்றி விற்ற அதே பதிப்பின் நிரல், அதைக் கம்பைல் செய்யும் (ஓடக்கூடிய நிரலாக மாற்றும்) ஸ்கிரிப்டோடு இருக்க வேண்டும். உரிமத்தின் முழு வாசகத்தையும் ஆப்பில் வையுங்கள், 'நகலெடுக்கக் கூடாது' என்று உங்கள் விதிமுறையில் இருந்தால் இன்ஜினைப் பொறுத்தவரை அதை எடுத்துவிடுங்கள்.

உங்கள் தமிழ்ப் பாடங்கள் உங்களுடையவை, அவற்றைத் திறந்துவிடத் தேவையில்லை. ஆப்பின் நிரல்தான் சிக்கல். இன்ஜின் தனி நிரலாக ஓடி, யுசிஐ கட்டளைகளால் மட்டும் ஆப்போடு பேசினால் உங்கள் பகுதியைப் பெரும்பாலும் மூடியே வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே நிரலாகப் பிணைத்திருந்தால் மொத்த ஆப்பும் ஜிபிஎல்லுக்குள் வந்துவிடும். எப்படிக் கட்டினார் என்று உங்கள் டெவலப்பரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, மெயிலின் நகலோடு எனக்கு அனுப்புங்கள், பதிலை நான் எழுதித் தருகிறேன்.