ஸ்டார்ட் எக்ஸ்மிட்டின் ரிட்டர்ன் டைப்பை மாற்றுவது வெறும் ஒப்பனை வேலையா?

லினக்ஸ் நெட்வொர்க் டிரைவரில் பாக்கெட் அனுப்பும் ஸ்டார்ட் எக்ஸ்மிட் ஃபங்ஷன் 'இன்ட்' என்று இருக்கிறது, ரிவ்யூவில் அதை 'நெட்டெவ் டிஎக்ஸ் டி' என்று மாற்றச் சொல்கிறார்கள், இரண்டும் ஒரே சைஸ்தானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

சைஸ் ஒன்றுதான். அதனால்தான் பல டிரைவர்கள் வருஷக்கணக்கில் இப்படியே ஓடின. ஆனால் 2022 டிசம்பரில் வந்த 6.1 கர்னலில் கேசிஎஃப்ஐ என்ற பாதுகாப்புச் சோதனை சேர்ந்தது. கிளாங் கம்பைலரில் பில்ட் செய்து அதை ஆன் செய்தால், ஃபங்ஷன் பாயின்டர் வழியாக அழைக்கும்போது இரு பக்கமும் டைப் ஒத்துப்போகிறதா என்று ஓடும்போதே சோதிக்கும். ஒத்துப்போகாவிட்டால் முதல் பாக்கெட்டிலேயே கர்னல் விழலாம். டைப் விஷயம் அவ்வளவுதான், ஒரு வரி வேலை.

அப்புறம் அந்த ஃபங்ஷனுக்குள் இருக்கும் ஒவ்வொரு ரிட்டர்னையும் படியுங்கள். நிஜ வேலை அங்கேதான். இங்கே பெங்களூரில், மாரத்தஹள்ளி பக்கம் எங்கள் டீமில் ஒரு போர்டு, லோடு கொடுத்தால் ராத்திரி முழுக்க மெமரியைத் தின்றுகொண்டிருந்தது. டிஎம்ஏ மேப்பிங் (ஹார்டுவேர் நேரடியாகப் படிக்க பாக்கெட்டின் நினைவகத்தைத் தயார் செய்வது) தோற்றால், டிரைவர் மைனஸ் ஈநோமெம் என்ற 'நினைவகம் இல்லை' பிழை எண்ணைத் திருப்பிவிட்டு வெளியேறுகிறது, பாக்கெட்டை வைத்திருக்கும் பஃபரான எஸ்கேபியை ஃப்ரீ செய்யவில்லை. மற்ற இடங்களில் மைனஸ் பிழை எண் திருப்புவது நல்ல பழக்கம். இங்கே மைனஸ் மதிப்பு வந்தால், பாக்கெட்டை டிரைவரே முடித்துவிட்டது என்றுதான் டிரைவரை அழைக்கும் நெட்வொர்க் ஸ்டாக் எடுத்துக்கொள்ளும். கடைசியில் யாருமே ஃப்ரீ செய்வதில்லை. (மைனஸ் வரும் என்பதற்காகவே நெட்டெவ் டிஎக்ஸ் டி என்ற அந்த enum பட்டியலில் இன்ட் மின் என்று ஒரு மதிப்பை வைத்து, அதை மைனஸும் தாங்கும் சைன்டு டைப் ஆக்கியிருக்கிறார்கள். ஹெடரைத் திறந்து பாருங்கள்.)

எஸ்கேபியை ஃப்ரீ செய்து, டிராப் கவுன்டரை ஏற்றி, டிஎக்ஸ் ஓகே திருப்பச் சொன்னேன். கிருஷ்ணகிரிப் பையன் ஒருவன், "என்னண்ணா, தொலைஞ்சுபோன பாக்கெட்டுக்குப் போய் ஓகேன்னு சொல்றதா?" என்றான். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே ஓகே என்றால் 'அனுப்பிவிட்டேன்' என்று அர்த்தமில்லை, 'இந்த எஸ்கேபி இனி என் பொறுப்பு' என்று அர்த்தம்.

திருப்பக்கூடிய இன்னொரு மதிப்பான டிஎக்ஸ் பிஸி இதற்கு நேர் எதிர். எஸ்கேபி இன்னும் ஸ்டாக்கிடமே இருக்கிறது, அதையே மறுபடி அனுப்பும். ஃப்ரீ செய்துவிட்டு பிஸி திருப்பினால், செத்த நினைவகத்தைத் தொட்டு கர்னல் எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் விழும். கண்டுபிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். பிஸியே அபூர்வமாகத்தான் வர வேண்டும். ரிங் (ஹார்டுவேருக்குப் போகும் பாக்கெட் வரிசை) நிறையப்போகிறது என்று தெரிந்தவுடனேயே க்யூவை நிறுத்துவதுதான் முறை.

கையோடு, பாக்கெட்டுகளைத் தொகுதியாகக் கையாளும் நாபி (NAPI) முறையின் 'poll' ஃபங்ஷனையும் பாருங்கள். வேலை பாக்கியிருந்தால் முழு பட்ஜெட்டையும் (ஒரு தடவைக்கு அனுமதித்த பாக்கெட் எண்ணிக்கை) திருப்ப வேண்டும், அதைவிடக் குறைவாகத் திருப்புவதானால் முன்பே நாபி கம்ப்ளீட்டை அழைத்திருக்க வேண்டும். இன்டரப்ட் ஹேண்ட்லரில் எப்போதும் ஐஆர்க்யூ நன் ('இது என்னுடையதில்லை') திருப்பும் டிரைவரைக் கர்னலே தண்டித்துவிடும்: 1,00,000 இன்டரப்டில் 99,900-க்கு மேல் யாரும் கவனிக்காமல் போனால் அந்த லைனையே அணைத்துவிடும்.

பேட்சை இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள். மெமரி லீக் திருத்தம், எந்தப் பழைய மாற்றத்தின் பிழை என்று சொல்லும் ஃபிக்ஸஸ் டேகோடு, பிழைத் திருத்தங்களுக்கான நெட் மரத்துக்குப் போகட்டும். டைப் ஒத்துப்போகாததால் இப்போது யாருக்கும் கிராஷ் இல்லையென்றால், டைப் மாற்றம் அடுத்த வெளியீட்டுக்கான நெட் நெக்ஸ்ட் மரத்துக்குப் போனால் போதும்.