பழைய கார் வாங்குமுன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, என் சேமிப்புக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டு ஓடிய கார்தான் கட்டுப்படியாகும். இன்ஜினைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. விற்பவரிடம் போனால் எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

பதில்: குறையே இல்லாத வண்டியைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். அந்த வயதில், அந்த விலையில் வரும் எந்த வண்டியிலும் நாலைந்து குறைகள் இருந்தே தீரும். அவற்றில் எது சிறு செலவில் சரியாகும், எது வண்டியின் விலையையே விழுங்கும் என்று பிரித்துப் பார்க்கத்தான் நீங்கள் போகிறீர்கள். தேய்ந்த டயர், பலவீனமான பேட்டரி, ஓய்ந்துபோன ஷாக் அப்சார்பர், பிரேக் பேட் ஆகியவற்றுக்காக நல்ல வண்டியை விட்டுவிட வேண்டாம். அவற்றின் செலவைக் கணக்கிட்டு விலையில் குறைத்துக் கேளுங்கள். இன்ஜினின் உட்பகுதி, கியர்பாக்ஸ், சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்தில் ஏறிய துரு ஆகிய மூன்றில் ஒன்றில் சந்தேகம் தட்டினாலும் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுங்கள்.

முதல் வேலை, விற்பவரிடம் தொலைபேசியிலேயே ஒன்றைக் கேட்டுக்கொள்வது: "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருங்கள்." போய்ச் சேர்ந்ததும் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெயிலில் நிற்காத வண்டியின் பானட் சூடாக இருந்தால், உங்களுக்கு முன்பே யாரோ இன்ஜினை ஓடவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். நான் முதன்முதலில் பழைய கார் வாங்கியபோது இந்த விவரம் எனக்குத் தெரியாது. நான் போனபோதே வண்டி ஓடிக்கொண்டிருந்தது; "நீங்கள் ஏறினால் உள்ளே குளிர்ச்சியாக இருக்கட்டும் என்றுதான் ஏசி போட்டு வைத்தேன்" என்றார் விற்றவர். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்தேன். மறுநாள் காலையில் சாவியைத் திருப்பியதும் சைலன்சரிலிருந்து நீலப் புகை குபுகுபுவென்று கிளம்பி, இரண்டு நிமிடத்தில் நின்றுபோயிற்று. இன்ஜினின் வால்வுகள் வழியே ஆயில் கசியாமல் தடுக்கும் வால்வு சீல்கள் தேய்ந்து, இரவு முழுவதும் ஆயில் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியிருந்தது. ஏற்கெனவே சூடேறிய இன்ஜினில் அந்தக் குறை கண்ணில் படவே இல்லை.

ஆகவே ஸ்டார்ட் செய்யும்போது நீங்கள் பின்புறம் நின்று புகையைப் பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது அல்லது காற்று போதவில்லை. இது பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. வெண்மைதான் கவனத்துக்குரியது. குளிர்ந்த வேளையில் சிறிது நேரம் வரும் வெண்ணிற ஆவி வெறும் நீராவி. இன்ஜின் சூடேறிய பின்னும் அடர்த்தியாக, லேசான இனிப்பு வாடையுடன் வந்துகொண்டே இருந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் உள்ளே கசிந்து ஆவியாகிறது. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டின் அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஹெட்டே விரிசல் கண்டிருக்கவும் கூடும்.

இதைச் சரிபார்க்க, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். சுத்தமான ஆயில் பூச்சு இருந்தால் நல்லது. பாலேட்டைப் போல வெளிறிய பசை திரண்டிருந்தால் ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்கிறது. தினமும் மிகக் குறைந்த தூரமே ஓடும் வண்டியில், இன்ஜின் முழுதாகச் சூடேறாததால் மூடியில் மட்டும் சிறிதளவு பசை படிவதுண்டு. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் தெரிந்தால் பேச்சு வார்த்தையே வேண்டாம். கூலன்ட் டேங்கில் ஆயில் படலம் மிதக்கிறதா, தண்ணீர் துருநிறமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

பிறகு தரையில் குனிந்து கதவுகளுக்குக் கீழே உள்ள விளிம்பையும், டிக்கி விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னி இருக்கும் குழியையும் பாருங்கள். மேலோட்டமான துரு இருந்தால் பரவாயில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் தகடு உள்ளே போகும் அளவுக்கு அரித்திருந்தால் வேண்டாம். பெயின்ட் புதிதாக மின்னும் இடத்தில் மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். இரும்புத் தகடாக இருக்க வேண்டிய இடத்தில் அது ஒட்டவில்லை என்றால் உள்ளே கனமாகப் பட்டி வைத்து மெழுகியிருக்கிறார்கள்.

கேள்வி: ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது? பத்து நிமிடம் போதுமா?

பதில்: போதாது. டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்துக்கு வந்து அங்கேயே நிலைத்து நிற்பதைப் பார்க்க வேண்டும். அதற்கு அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். ரேடியோவை அணைத்துவிடுங்கள்.

கிளட்சுக்கு ஒரு சோதனை உண்டு. சமமான, காலியான சாலையில் மிதமான வேகத்தில் மேல் கியரில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் கூடி, வேகம் அதற்கு ஈடாகக் கூடவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு இறக்கும்போது 'கர்ர்' என்று உரசினால் கியர்கள் உரசாமல் இணைய உதவும் கியர்பாக்ஸின் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டியென்றால், பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸிலும் டிரைவிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். கியர் விழ ஓரிரு நொடிகள் தாமதித்தாலோ, இடி இடித்தாற்போல விழுந்தாலோ செலவு பெரிது. ஸ்டீயரிங்கை முழுவதுமாக ஒடித்து மெதுவாக வட்டமடிக்கும்போது 'டிக் டிக்' என்று கேட்டால் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் ஆக்ஸிலின் வெளி இணைப்பு தேய்ந்திருக்கிறது. அது மாற்றக்கூடிய பாகம்தான். பிரேக் மிதியை அழுத்திப் பிடித்திருக்கையில் அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் அந்த இடத்திலேயே ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: பத்து வருட வண்டி, மீட்டர் 38,000 கிலோமீட்டர்தான் காட்டுகிறது. நம்பலாமா?

பதில்: மீட்டரைவிட, கால் படும் இடங்களையும் கை படும் இடங்களையும் நம்புங்கள். பிரேக், கிளட்ச் மிதிகளின் ரப்பரில் வரிகள் மழுங்கி, ஸ்டீயரிங் வழவழத்து, ஓட்டுநர் இருக்கையின் வெளி விளிம்பு அமுங்கிக் கிடந்தால் அந்த எண் உண்மையாக இருக்க வாய்ப்பில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் அச்சாகியிருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அவ்வளவு குறைவாக ஓடிய வண்டிக்கு இரண்டாவது முறையாக டயர் மாற்றியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். சர்வீஸ் ரசீதுகளில் உள்ள கிலோமீட்டர் எண்களைத் தேதி வரிசையில் அடுக்கிப் பார்த்தாலே பல புரட்டுகள் வெளியாகிவிடும்.

உண்மையிலேயே குறைவாக ஓடியிருந்தாலும் இன்ஜினின் வால்வுகளை பிஸ்டன்களோடு ஒத்திசைத்து இயக்கும் டைமிங் பெல்ட் பற்றி விசாரியுங்கள். வண்டிக்கு வண்டி மாறுபட்டாலும், பெரும்பாலும் 60,000 முதல் 1,50,000 கிலோமீட்டருக்குள் அதை மாற்றச் சொல்வார்கள். ஆண்டுக் கணக்கும் தனியாக உண்டு, ஏனென்றால் நின்றபடியே ரப்பர் முதுமையடைகிறது. பல இன்ஜின்களில் அது அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். சில வண்டிகளில் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருக்கும்.

கேள்வி: டீசல் காரில் ஆயில் கன்னங்கரேலென்று இருந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டேன். சரியா?

பதில்: அவசரப்பட்டுவிட்டீர்கள். டீசல் இன்ஜினில் புது ஆயிலும் சில நாள் ஓட்டத்திலேயே கறுத்துவிடும்.

கேள்வி: டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. இன்னும் மெக்கானிக்கைக் கூட்டிப் போவது வீண் செலவுதானே?

பதில்: வீண் இல்லை. சாவியைப் போட்டதும் விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எரியாத விளக்கின் பல்பைக் கழற்றியிருக்கலாம். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமான கணினிச் சோதனை இணைப்பு இப்போது பெரும்பாலான வண்டிகளில் உண்டு. நீங்கள் வரும் முன், வண்டியின் கணினி பதிந்துவைத்த பிழைக் குறிகளை அழித்திருந்தால், வண்டியின் சுயசோதனைகள் பல இன்னும் முடியவில்லை என்று அந்த இணைப்பில் மெக்கானிக் பொருத்தும் ஸ்கேனர் காட்டும். அதுவே போதிய தடயம்.

ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் உண்டாகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனையையும் மெக்கானிக்கிடம் கேளுங்கள். பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 150 முதல் 180 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வரை வரும். அந்த எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் முக்கியம், பத்து சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால், அதில் சிறிது ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்: எண் ஏறினால் கோளாறு பிஸ்டனைச் சுற்றியுள்ள பிஸ்டன் ரிங்கில், ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கெட்டிலோ. விற்பவருக்கு வேண்டிய மெக்கானிக்காக அவர் இருக்கக் கூடாது. சோதனைக் கூலியை நீங்களே கொடுங்கள். விற்பவர் இந்தச் சோதனைக்கே சம்மதிக்கவில்லை என்றால் முன்பணமாக ஒரு காசும் தராமல் திரும்பிவிடுங்கள்.