ஐந்தில் ஒரு பங்கு

அன்புள்ள ஐயா,

நான் ஞாயிறு பள்ளி ஆசிரியர். என்னோடு வேலை பார்க்கும் நண்பரை நான்தான் ஆராதனைக்கு அழைத்து வந்தேன். ஓராண்டு ஒழுங்காக வந்தார். இடையில் அவரிடம் ஒரு தொகை கைமாற்று வாங்கினேன். சொன்ன தேதிக்குத் தரவில்லை. கேட்டபோது வீட்டில் மருத்துவச் செலவு என்று பொய் சொன்னேன். அது அவருக்குத் தெரிந்துவிட்டது. "உங்கள் சாமியே வேண்டாம்" என்று நின்றுவிட்டார். மூன்று மாதமாக அவருக்காக உபவாசித்து ஜெபிக்கிறேன். அவர் விசுவாசத்தை இழந்ததற்குத் தேவன் என்னிடம் கணக்குக் கேட்பாரா? சாட்சி கெட்டுப்போன நான் வகுப்பெடுக்கலாமா? இன்னொன்று: நான் சினிமா பார்ப்பது தனக்கு இடறலாயிருக்கிறது என்கிறார் சபையில் ஒரு மூத்தவர். விட்டுவிட வேண்டுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உபவாசம் வந்துவிட்டது, ஜெபம் வந்துவிட்டது, சாட்சியும் வந்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தீர்களா என்பது மட்டும் கடிதத்தில் எங்கும் இல்லை. நம் சபைகளில் 'சாட்சி' என்ற சொல் படும் பாட்டைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில்.

முதலில் சினிமா கேள்வியைத் தள்ளிவிடுவோம். 1 கொரிந்தியர் 8-இல் பவுல் பேசும் பலவீனன், விக்கிரகத்துக்குப் படைத்ததை நீங்கள் சாப்பிடுவதைப் பார்த்துத் தானும் மனச்சாட்சிக்கு விரோதமாய்ச் சாப்பிடத் துணிகிறவன். உங்கள் மூத்தவர் உங்களைப் பார்த்துத் தியேட்டருக்குக் கிளம்பிவிடுவாரா? மாட்டார் என்றால் அவருக்கு வந்திருப்பது இடறல் அல்ல, எரிச்சல். மத்தேயு 15-இல் பரிசேயர் இடறலடைந்தார்கள் என்று சீஷர்கள் வந்து சொன்னபோது, "அவர்களை விட்டுவிடுங்கள்" என்றார் இயேசு. 17-ஆம் அதிகாரத்தில் அதே இயேசு, இடறலாயிருக்கக்கூடாது என்று, தாம் கட்டவேண்டியிராத ஆலய வரியைக் கட்ட வைத்தார். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் தெரியாததால்தான் சபையில் சத்தமாகப் பேசுகிறவரெல்லாம் 'பலவீனர்' ஆகிவிடுகிறார்.

உங்கள் நண்பருக்கு நடந்ததோ நிஜமான இடறல். இடறலுக்குக் கிரேக்கத்தில் ஸ்கண்டலான் என்பார்கள். பொறியில் இரையைக் குத்திவைக்கும் குச்சி அது. தொட்டால் பொறி விழும். இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் கட்டிக் கடலில் அமிழ்த்துவதே நலம் என்று மத்தேயு 18-இல் இயேசு சொன்ன 'ஏந்திரக்கல்'லும் நாம் நினைக்கிற கைத்திருகை இல்லை. மூலத்தில் அது கழுதை பூட்டிச் சுற்றும் பெரிய கல். பயமுறுத்தச் சொல்லவில்லை. பயத்தில் நீங்கள் செய்வது அத்தனையும் உங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்பதற்காகச் சொல்கிறேன். "சாட்சி கெட்டுப்போச்சு" என்னும்போது, கெட்டது உங்கள் பெயர் என்றுதானே வருத்தம்? கெட்டது அவருடைய நம்பிக்கை, தம்பி. அதோடு அவருடைய பணமும்.

லேவியராகமம் 6-ஐ எடுங்கள். அயலானை ஏமாற்றிப் பொய் சொன்னவன் முதலைத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டவேண்டும். நூறு என்றால் நூற்றிருபது. எந்த நாளில்? குற்றநிவாரண பலி செலுத்தும் அதே நாளில். பலியாகும் ஆட்டுக்கடாவைப் பற்றிய பேச்சே அதற்கு அடுத்த வசனத்தில்தான் வருகிறது. எண்ணாகமம் 5:7 இன்னொன்றையும் சேர்க்கிறது: பாவத்தை அறிக்கையிட வேண்டும். மத்தேயு 5-இலும் அதே வரிசைதான்: காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு. நீங்கள் மூன்று மாதமாக வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்தச் சட்டம் இன்று நம்மைக் கட்டாது என்று வாதாடலாம். லூக்கா 19-இல் வரும் வரிவசூல்காரன் சகேயு அப்படி வாதாடவில்லை. தானாக ஒத்துக்கொள்கிறவன் ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் போதும் என்றிருக்க, திருடிய ஆட்டுக்கு யாத்திராகமம் 22 விதித்த நாலத்தனையை அவன் தன்மேல் போட்டுக்கொண்டான்.

ஆகவே நேரில் போங்கள். போதகர் கையிலோ இன்னொரு நண்பர் கையிலோ கொடுத்தனுப்ப வேண்டாம். காணிக்கைப் பெட்டியில் போட்டு ஈடுகட்டலாம் என்ற யோசனை வந்தால் அதை அங்கேயே நசுக்குங்கள். பெட்டி உங்களுக்குக் கடன் கொடுக்கவில்லை. "மருத்துவச் செலவு என்று சொன்னேன், அது பொய்" என்று அந்தப் பொய்யையே வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்கள். "மனம் புண்பட்டிருந்தால் மன்னியுங்கள்" என்பது மன்னிப்பு அல்ல. புண்பட்டது அவர் குறை என்று சொல்லும் நாசூக்கான வழி. ஏன் பொய் சொன்னீர்கள் என்று அவர் கேட்டாலொழிய விளக்க வேண்டாம். முழுத்தொகை கையில் இல்லையா? எத்தனை தவணை, எந்தெந்தத் தேதி என்று எழுதிக் கொடுங்கள். முதல் தவணையை அன்றைக்கே கொடுங்கள். இரண்டாவது தவணை தப்பினால், முன்பு சொன்னதைவிட இது பெரிய பொய் ஆகிவிடும். அதனால் முடிகிற சின்னத் தொகையாகவே போடுங்கள்.

இதிலெல்லாம் தப்பாமல் செய்கிறவர்களும் ஓரிடத்தில் கெடுத்துவிடுகிறார்கள். பணத்தை நீட்டின கையோடு, "அப்போ ஞாயிற்றுக்கிழமை வருவீங்கல்ல?" என்கிறார்கள். அந்தக் கேள்வியோடு பணம் இரையாகிவிடுகிறது. பொறிக்குச்சி என்றேனே, அதை மறுபடி நட்டுவைத்த மாதிரிதான். வசனம் சொல்லாதீர்கள், ஜெபித்துவிட்டுப் போகலாமா என்று கேட்காதீர்கள். கொடுத்ததும் எழுந்து வந்துவிடுங்கள். அவர் திரும்ப வருவதும் வராததும் அவருக்கும் தேவனுக்கும் நடுவில் உள்ளது. "பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும்" என்ற எசேக்கியேல் 18 அவர் கணக்கை உங்கள் தலையில் ஏற்றவில்லை. உங்கள் கணக்கு உங்களிடம் இருக்கிறது, அதை முடியுங்கள்.

வகுப்பா? கடன் தீரும்வரை எடுக்காதீர்கள். காரணத்தைப் போதகரிடம் மட்டும் சொன்னால் போதும். கலாத்தியர் 2-இல், அந்தியோகியாவில் பேதுரு யூதருக்குப் பயந்து புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகி மாயம்பண்ணினது எல்லாருக்கும் முன்பாக. பர்னபாவே அதில் இழுப்புண்டுபோனான். அதனால் பவுலும் எல்லாருக்கும் முன்பாகவே கேட்டார். உங்கள் பொய் இரண்டு பேருக்கு நடுவில் நடந்தது. மேடையேறிக் கண்ணீரோடு சாட்சி சொல்லி, கடன் கொடுத்த மனிதரின் கதையை ஊருக்குச் சொல்லாதீர்கள்.

எவ்வளவு தொகை என்று நீங்கள் எழுதவில்லை. ஐந்தால் வகுத்து, வருவதைத் தனி உறையில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த உறையை அவர் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், திரும்ப எடுத்து வந்துவிடலாம். முதலை மறுத்தால் மட்டும் மேசைமேல் வைத்துவிட்டு வாருங்கள்.